பிரான்ஸ் கம்ப்யூட்டரில் கலர் வரவில்லை

முத்தியால்பேட்டையில் எங்கள் வீடியோ ஸ்டுடியோ. என் வீட்டுக்காரர் கேமராவோடு கல்யாணங்களுக்குப் போவார். கடையும் எடிட்டிங்கும் என் பொறுப்பு. ஒரு வீடியோ டெக்கில் கேசட்டை ஓட்டி இன்னொரு டெக்கில் பதிவுசெய்வதுதான் எண்பதுகளின் கடைசியில் எடிட்டிங். என் மகள் ரோஸ்லின் அதை என்னைவிட நன்றாகச் செய்வாள். பள்ளி விட்டதும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் டெக் முன்னால் உட்காருவாள். அவள் கேட்டது ஒன்றுதான்: டைட்டில் போட ஒரு கம்ப்யூட்டர்.

1. ஆபீஸ் மிஷின்

மெட்ராஸுக்குப் போனோம். கம்ப்யூட்டர் கடைக்காரர் பச்சை எழுத்துத் திரை ஒன்றைக் காட்டினார். கணக்குப் போடலாம், லெட்டர் அடிக்கலாம் என்றார். வீடியோவோடு சேருமா என்று கேட்டேன்.

"அது கேம்ஸ் ஆடுற மிஷின்லதாம்மா வரும். பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு அது? இதுல டைப்பிங் கத்துக்கட்டும், வேலைக்காவது ஆவும்."

ரோஸ்லின் அதற்குள் வாசலுக்குப் போய்விட்டாள். நானும் எழுந்துவிட்டேன்.

2. சித்தப்பா கொண்டுவந்தது

என் கொழுந்தனார் ஆரோக்கியம் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். விடுமுறைக்கு வரும்போது, படமும் கலரும் காட்டும் கம்ப்யூட்டர் ஒன்றைச் சுமந்து வந்தார். ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் சொல்தா வீடுகளுக்கு சென்ட்டும் சீஸும் அப்படித்தான் வரும். அங்கிருந்து வந்தால் அது உசத்தி என்று எல்லாரும் நம்புவோம். நானும் நம்பினேன். ஒரு கல்யாணப் பெண்ணின் அப்பாவிடம் கலர் டைட்டில் தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டேன்.

ஒயரை டெக்கில் செருகினோம். எழுத்து வந்தது, கலர் வரவில்லை. பிரான்ஸில் கலருக்கு ஒரு முறை, நமக்கு வேறு முறை. அவர்கள் மிஷினின் கலர் நம் டெக்குக்குத் தெரியாது. கேசட்டை மறுநாள் கொடுக்க வேண்டும்.

"வித்துடலாம் அண்ணி," என்றார் ஆரோக்கியம்.

"விக்கக் கூடாது," என்றாள் ரோஸ்லின். "கல்யாணந்தான் கலர்ல இருக்கே சித்தப்பா. பேரு வெள்ளையா இருந்தா இன்னா?"

அந்த மிஷினில் தமிழ் எழுத்தே கிடையாது. மௌஸைப் பிடித்து, மணமக்கள் பெயரைப் புள்ளி புள்ளியாக அவளே வரைந்தாள்.

3. பெண்ணின் அப்பா

பெரிய மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருந்தவர் அவர். கேசட் வாங்க வந்தவருக்கு, கறுப்புத் திரையைப் பார்த்ததும் முகம் மாறியது.

"கலர்னு சொன்னீங்களே?"

"கலர் வராதுங்க. வேணான்னா டைட்டில் இல்லாத கேசட் தர்றேன். இது எம் பொண்ணு போட்டது, இத அழிக்க மாட்டேன்."

அப்போது மணமக்கள் பெயர் வெள்ளையாக எழுந்து வந்தது. அவர் குனிந்து பார்த்தார்.

"தமிழ்லயா? பெரியவ கல்யாண கேசட்டுக்கு மெட்ராஸ்ல போட்டோம், எல்லாம் இங்கிலீஷு. எங்க வூட்டம்மாவால ஒண்ணும் படிக்க முடியல." சற்று நின்று, "மறுபடி ஓட்டிக் காட்டுங்க," என்றார்.

பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்கப்போகும் பெற்றோருக்குச் சொல்கிறேன். உங்கள் வீட்டு மிஷின்களோடு சேருமா என்று ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். அதில் நான் ஏமாந்தேன். உங்கள் பிள்ளைக்கு எது வேண்டும் என்று கடைக்காரரைக் கேட்காதீர்கள். அதில் நான் ஏமாறவில்லை.