பொம்மிடியில் செல்வராசு சிலை

காலை 9.20. சேலம் ஜங்ஷனில் பாசஞ்சர் ரயில் ஏறினேன். பொம்மிடிக்கு டிக்கெட் பதினைந்து ரூபாய், ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, சிலை வைத்து இரண்டு வருஷம் கழித்துத்தான் பார்க்கப் போகிறேன். காரணத்தை மறைப்பானேன்? பொறாமைதான். செல்வராசுவும் நானும் ஒரே டீமில் பத்து வருஷம் ஃபுட்பால் ஆடினோம். அவன் இடது ஓரம், நான் வலது ஓரம். அவன் மாநில அணிக்குப் போனான், பேப்பரில் வந்தான், செத்த பிறகு சிலையாகவும் நிற்கிறான். நான் சேலத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன்.

10.30. ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ பிடித்தேன். சிலை இரண்டு கிலோமீட்டர், ஐம்பது ரூபாய் என்றார் டிரைவர். வழியில், சொந்தக்காரரா என்று கேட்டார். கூட ஆடினவன் என்றேன்.

“வர்றவங்க எல்லாருமே அப்படித்தாங்க சொல்றாங்க” என்றார்.



முச்சந்தியில் ஆளுயரப் பீடம். மேலே தங்க நிறத்தில் செல்வராசு. மட்டமான பெயிண்ட், முழங்கையில் அதற்குள் உரிந்திருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். பிறகுதான் காலைப் பார்த்தேன். பந்தை உதைக்கத் தூக்கியிருப்பது வலது கால். செல்வராசு இடது காலால் மட்டுமே உதைப்பான். போதாததற்கு அந்த வலது முழங்காலில் ஒரு பேண்டேஜ், முடிச்சோடு சிமெண்டிலேயே செய்து வைத்திருந்தார்கள். ஒரு சீசன் முழுக்க அப்படிக் கட்டிக்கொண்டு ஆடியவன் நான். தலை அவனுடையது, கழுத்துக்குக் கீழே நான்!

எதிரே சைக்கிள் கடை வைத்திருக்கும் அவன் தம்பி குமார் என்னை அடையாளம் கண்டு வந்தான். காலைக் காட்டிக் கேட்டேன். அண்ணன் பந்து உதைக்கும் போட்டோ வீட்டில் ஒன்றுகூட இல்லையாம். இருந்தது நான் உதைக்கும் போட்டோதானாம். சிற்பியிடம் உடம்புக்கு அதையும், முகத்துக்கு ரேஷன் கார்டு போட்டோவையும் கொடுத்துவிட்டார்களாம். இந்தக் கூத்தைக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னான்.

என் போட்டோ உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்றேன்.

“அண்ணன்தாங்க பிரேம் போட்டு வூட்ல மாட்டி வெச்சிருந்தாரு. இவனாட்டம் ஒதைக்க எனக்கு வரலையேன்னு அதைப் பாத்துப் பாத்துப் பொலம்புவாருங்க.”

குமார் வாங்கித் தந்த டீ ஆறிப்போனது.

மதியம் 1.15. திரும்பும் ரயிலில் சேலம் வரை செல்வராசுவைத் திட்டிக்கொண்டே வந்தேன். உயிரோடு இருந்தபோது என்னிடம் அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பாவி. அவன் சாவுக்காவது போயிருப்பேன்.