நிலாவுக்கு யார் முதலில்?

இன்று காலை கோல சிலாங்கூர் ரொட்டி சானாய் கடையில் பெரிய சண்டை. தினமும் என்னை ரவாங் தொழிற்சாலைக்குக் காரில் ஏற்றிப்போகும் மணியம் அண்ணனுக்கும் அவர் மச்சான் சேகருக்கும்.

“நிலாவுல அடுத்து மனுசன இறக்கப்போறது சீனாதான் லா,” என்றார் அண்ணன்.

“அமெரிக்காவுக்கு கம்பெனிக்காரனே ராக்கெட் செஞ்சு குடுக்கிறான். சீனாவால முடியாது!” சேகர் மேசையைத் தட்டியதில் என் தே தாரிக் டீ சிந்தியது.

சமாதானம் செய்ய நினைத்து, “இந்தியாவும் போவும்தானே அண்ணே?” என்றேன்.

“உன்னைக் கேட்டமா?” என்று இருவரும் ஒன்றாகக் கத்தினார்கள். அதோடு இருவரும் ராசியாகி, சிரித்துக்கொண்டே காரில் ஏறிப் போய்விட்டார்கள். பின் இருக்கையில் இருந்த என் சாப்பாட்டுப் பையும் போய்விட்டது.

நிலாவுக்கு யார் வேண்டுமானாலும் முதலில் போகட்டும். ரவாங்குக்கு யாராவது போகிறீர்களா?