குவாப்பாவும் சட்டிக்கரியும்

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேயிலைத் தோட்டத்து லயத்துப் பைப்படியில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் மகள், நாலு வயது, தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி ஒரு வெள்ளைக்காரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். துரை பங்களாவுக்கு வந்த விருந்தாளி, ஸ்பெயின்காரி.

அந்தம்மா குனிந்து என் மகளின் தாடையைப் பிடித்து, “குவாப்பா!” என்றாள். கிராணி அவளிடம் இங்கிலீஷில் அர்த்தம் கேட்டுக்கொண்டார்.

“என்னங்கய்யா சொல்றாங்க?”

“உன் மக அழகாம்.”

எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் நான். பிள்ளை போன மாதம்தான் காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தாள். எங்கள் லயத்தில் பிள்ளையை முகத்துக்கு நேரே அழகு என்று யாரும் சொல்லமாட்டோம், கண்ணு பட்டுடும். சட்டியின் அடிக்கரியை வழித்து அவள் கன்னத்தில் இழுத்துவிட்டேன்.

அந்தம்மா பதறிக் கைக்குட்டையால் துடைத்தாள். துடைத்துவிட்டு மறுபடியும், “குவாப்பா!” நான் மறுபடியும் கரி வைத்தேன். அவள் மறுபடியும் துடைத்தாள்.

பக்கத்து வீட்டுக்காரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஏண்டி, ரெண்டு பேரும் பிள்ளைக்குச் சுண்ணாம்பா அடிக்கிறீங்க? விடு லா!”

கிராணி முகம் கறுத்து, அந்தம்மாவிடம் இங்கிலீஷில் என்னவோ பேசினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“மானத்த வாங்குறியே! அவங்க ஊர்ல பொம்பளைங்கள அப்படித்தான் கூப்பிடுவாங்களாம். மீன் விக்கிறவ, வாங்க வர்ற கெழவியக்கூட குவாப்பாம்பாளாம். ஆம்பளைன்னா குவாப்போ. நம்ம ‘வாம்மா தாயி’ங்கிற மாதிரி. அதுக்குப் போயி கரி பூசுறியே!”

மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அந்த வெள்ளைக் கைக்குட்டை முழுக்கக் கரி. போகும்போது அந்தம்மா பிள்ளையைத் தொடவில்லை. என்னைப் பார்த்து மட்டும் மெதுவாக, “குவாப்பா” என்றாள். நான் தலை நிமிராமல் சட்டியைத் தேய்த்தேன்.

அப்புறம் ரொம்ப நாள், கொழுந்து நிறுக்கிற இடத்தில் எனக்கு அதுதான் பெயர். “குவாப்பா வந்துட்டா, வழி விடுங்கடி!”

எண்பதுகளில் மகளுக்குச் சடங்கு வைத்தோம். பட்டுச்சீலை கட்டி, ரிங்லெட் டவுனிலிருந்து வாங்கிவந்த பூவை வைத்து நிறுத்தினேன்.

“எப்படிம்மா இருக்கேன்?”

“சீல நல்லாருக்கு.”

என்னையே பார்த்தாள். “சீலையக் கேக்கலம்மா.”

மீன் விற்கிறவள்கூட வாய் நிறையச் சொல்கிற வார்த்தை எனக்குத் தொண்டைவரை வந்து நின்றது. விரல் மட்டும் அதற்குள் மைச்சிமிழுக்குப் போய்விட்டிருந்தது.