ராமக்காளுக்கு நான் கட்டிவைத்த புருஷன்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது வந்து நின்றால் கேட்கவே வேண்டாம். மைசூர் மேட்டகள்ளியில் தையல்காரி மகேஸ்வரியின் கோபம் எங்கள் தெருவுக்கே தெரியும். பக்கத்து வீட்டு ராமக்காள் மட்டும் அதைக் கண்டுகொள்ள மாட்டாள். நான் எரிந்து விழுந்தால், "பசியில கத்தறே கண்ணு, மொதல்ல சாப்பிடு" என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்குப் போவாள்.

அறுபத்திரண்டு வயது அவளுக்கு. மார்டள்ளியிலிருந்து சித்தாள் வேலைக்கு மைசூர் வந்தவள். புருஷன் மாணிக்கவாசகம் கொத்தனார். அவர் போய் ஒன்பது வருஷமாகிறது. பிள்ளை குட்டி கிடையாது. குடும்பத் தலைவி என்று சர்க்காரிலிருந்து மாதம் வரும் கிருகலட்சுமிப் பணம் இரண்டாயிரம் வாடகைக்குப் போகும். விதவை பென்ஷன் எண்ணூறு, சர்க்கரைக்கும் பிரஷருக்குமான மாத்திரைக்கு. அரிசி ரேஷனில். வாரத்தில் மூன்று நாள் ஹெப்பாளில் ஒரு கம்பெனித் தோட்டத்தில் புல் பிடுங்கப் போவாள். பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். "எனக்கென்ன குறை? நான் ராணியாட்டம் இருக்கறேன்" என்பாள். கனகாம்பரம் வைத்துக்கொண்டு, நெற்றியில் பெரிய பொட்டோடு அவள் பஸ் ஏறுவதைப் பார்த்தால் நமக்கும் அப்படித்தான் தோன்றும். பொட்டைப் பற்றி யாரோ ஒருத்தி ஒரு தடவை வாயைத் திறந்தாள். "அவரு வர்றதுக்கு முந்தியே வெச்ச பொட்டு இது, அவரோட எதுக்குப் போகோணும்?" என்று கேட்டாள் ராமக்காள். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

போன மாதம் ஒரு காலை அவள் வீட்டுக்குச் சீயக்காய் வாங்கப் போனேன். அரிவாள்மணையில் வைத்து ஒரு மாத்திரையை இரண்டாக நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா பண்றீங்க? டாக்டர் முழுசாத்தானே போடச் சொன்னார்?"

"பென்ஷன் மூணு மாசமா வர்லே கண்ணு. பாதி போட்டா பாதி நோவு போகாதா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூன்று மாதமாகப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லாமல் இருந்திருக்கிறாளே! தைக்கக் கிடந்த ரவிக்கைகளை அப்படியே போட்டுவிட்டு, அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பென்ஷன் ஆபீசுக்குப் போனேன். கன்னடம் எழுதப் படிக்க எனக்கு வரும், அவளுக்குப் பேச்சே அரைகுறை.

கவுன்டரில் சந்தோஷ்குமார் என்று ஒரு பிள்ளை. நல்ல மாதிரி. கம்ப்யூட்டரைப் பார்த்தான், ராமக்காளின் பொட்டைப் பார்த்தான், மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தான். மறுகல்யாணம் ஆனவர்களுக்கு விதவை பென்ஷன் கிடையாது என்று கன்னடத்தில் மெதுவாகச் சொன்னான். நான் தமிழில் சொன்னதும் ராமக்காள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"மாப்பிள்ளை யாருங்க? எனக்கே சொல்லாம முடிச்சுட்டீங்களா?"

அவன் ரிப்போர்ட்டைப் படித்தான். வீடு தேடிப் போய் விசாரித்திருக்கிறார்கள். கொடியில் ஆண் சட்டை காய்ந்தது. புருஷன் நைட் ஷிப்ட் முடித்து உள்ளே தூங்குவதாகப் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னார்.

அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டை முன்பின் தெரியாத ஆண் யாராவது விசாரித்தால், உள்ளே ஆள் இருக்கிறது என்றுதான் சொல்வோம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, எல்லோரும் சொல்வோம். ராமக்காளும் வேலைக்குப் புடவைமேல் போட்டுக்கொள்ளும் புருஷனின் பழைய சட்டையைத் துவைத்து வாசல் கொடியில்தான் போடுவாள். நாலு மாதத்துக்கு முன், அவள் வெளியே போயிருந்த ஒரு நாள் தோளில் பையோடு ஒருவன் வந்து, "மனேலி யாரித்தாரே?" என்று, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவள் வீட்டைக் காட்டிக் கேட்டான். நான் கல்யாண ரவிக்கைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தேன். யார், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் புருஷன் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறார், எழுப்பினால் அடிப்பார், போ என்று விரட்டினேன். ஆறடி ஆள் என்றும் சேர்த்துச் சொன்னேன். பாவி நான்.

"அக்கா, அது நான்தான்" என்றேன். நடந்ததை எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏன் கண்ணு, கட்டிவெச்சதுதான் வெச்சே, சம்பாதிக்கறவனாப் பாத்துக் கட்டி வெச்சிருக்கக் கூடாதா? மூணு மாசமா ஒத்தப் பைசா குடுக்கலையே அந்த ஆறடிக்காரன்!"

வரிசையில் தமிழ் தெரிந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த மூன்று மாதப் பணத்தை நானே தந்துவிடுகிறேன் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது.

"உன்ற காசு எனக்கு எதுக்கு? இது என்ற பேருக்கு வர்றது. இதை வாங்கினா நான் யாருக்கும் தலை குனிய வேண்டியதில்லை. அதுக்குத்தான் இங்க வந்து நிக்கறேன்."

சந்தோஷ்குமார் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினான். பொய் சொன்ன நானே உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், மறுபடியும் ஆள் வந்து பார்ப்பார்கள், அதற்குப் பிறகுதான் பணம். அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். இவருக்குப் புருஷன் இல்லை. பிள்ளைகள் இல்லை. ஆதரவாக யாரும் இல்லை.

எழுதியதைத் தமிழில் அவளுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரியில் கையை நீட்டித் தாளை மறைத்தாள்.

"அதை எழுதாதே."

"அக்கா, எழுதினாத்தான் பென்ஷன் வரும். சும்மா இருங்க."

"ஒரு பொய்யால நின்னுபோன காசு. மறுபடியும் ஒரு பொய் எழுதி வாங்கோணுமா? நீ இருக்கறயே. சாருகிட்டக் கேளு, நீ இருக்கறதா எழுதினாக் காசு வராதுன்னா வராமயே போகட்டும்."

எண்ணூறு ரூபாய்க்கு மாத்திரையை நறுக்கியவள் பேசுகிற பேச்சா இது! திட்ட வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. என்ன விஷயம் என்று சந்தோஷ்குமார் கேட்டான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே கன்னடத்தில் சொன்னேன். அவன் பேனாவை வாங்கி அந்த வரியை அவனே அடித்தான். பக்கத்து வீட்டுக்காரி இருப்பதால் பென்ஷன் நிற்காது, உண்மை எதுவோ அதையே எழுதுங்கள் என்றான்.

பக்கத்து வீட்டில் மகேஸ்வரி இருக்கிறாள் என்று எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.