அப்பா வரவேற்ற பட்ஜெட்

எங்கள் ஊர் கேபிள் டிவிக்காரர் பலே ஆள். பட்ஜெட் பற்றித் தொழில் செய்பவர்களின் கருத்தை, பட்ஜெட் வாசிப்பதற்கு முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்வார். ஒரே ஆளிடம் இரண்டு பேச்சு. ஒன்று வரவேற்பு, இன்னொன்று ஏமாற்றம். மறுநாள் டெல்லியில் மந்திரி என்ன வாசித்தாலும், இரண்டில் பொருந்துவதை மாலைச் செய்தியில் ஓட்டிவிடுவார். இருப்பதோ ஒரே ஒரு கேமரா. அதைத் தூக்கிக்கொண்டு பட்ஜெட் அன்று புதுச்சேரி முழுக்க ஓட முடியுமா, பாவம்.

எனக்குப் பத்து வயதானபோது அவர் எங்கள் அப்பாவிடம் வந்தார். அப்பா தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்யும் ஷெட் வைத்திருந்தார். சிறுதொழில் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். போட்டி போட்டு ஜெயித்த பதவியெல்லாம் இல்லை. வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நாட்டின் பொருளாதாரத்தைத் தெரிந்துகொள்ள அப்பாவுக்கு மந்திரி தேவைப்படவில்லை. "ஜனங்க சாமான் வாங்கினா பெட்டி வேணும். வாங்கலன்னா வேணாம். இதுல இன்னா பெரிய கணக்கு?" என்பார். அந்த வருஷம் பெட்டி கேட்பவர்கள் குறைந்துபோனார்கள். காகித விலை ஏறியிருந்தது. பாதி நாள் கரண்டும் இருக்காது. அப்போதுதான் பாரிசிலிருந்து மாமா லீவில் வந்து இறங்கினார்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். பெரிய மனசுக்காரர், அதைவிடப் பெரிய குரல்காரர். பாரிசில் ஒரு கிடங்கில் அப்பாவுக்கு வேலை பேசி முடித்து, காகிதங்களோடு வந்திருந்தார். பெட்டி அடுக்குகிற வேலை. இங்கே செய்கிற பெட்டியை அங்கே போய் அடுக்க வேண்டும்! அப்பா முதலில் தனியாகப் போவாராம், நாங்கள் பிறகு போவோமாம். "அலோர், ஒரு கையெழுத்து போடுங்க மாப்ள, மத்தத நான் பாத்துக்கறேன்," என்று பிரெஞ்சும் தமிழும் கலந்து தினமும் காலை டிபனோடு ஆரம்பித்துவிடுவார். எங்கள் குடும்பத்தில் மாமாவிடம் முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னவர் எவரும் கிடையாது. அப்பாவும் சொல்லவில்லை. "பட்ஜெட் வரட்டும் மச்சான், பாத்துக்கலாம்," என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

என் வகுப்பில் நாலு பேருடைய அப்பாக்கள் பிரான்சில் இருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வாசனையாக வந்து, சாக்லேட் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அப்படி ஒரு அப்பா வேண்டாம். அம்மா பரண்மேல் கிடந்த பெரிய பயணப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்த அன்றிலிருந்து எனக்குச் சோறே இறங்கவில்லை.

கேமரா வந்த சாயங்காலம் நானும் ஷெட்டில்தான் இருந்தேன். மாமாவும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். பின்னணி எடுப்பாக இருக்க வேண்டும் என்று கேபிள்காரர் கேட்டதால், பெட்டிகளுக்குக் கம்பிப் பின் அடிக்கிற அக்கா காலிப் பெட்டிகளை விரித்து, அப்பாவின் தலைக்கு மேலே போகும்படி சுவர்போல அடுக்கியிருந்தார். அப்பா அதன் முன்னால் கைகட்டி நின்று வரவேற்புப் பேச்சைப் பேசினார். "சிறுதொழில் வளர இந்த பட்ஜெட் பெரிய ஊக்கம். மனதார வரவேற்கிறோம்." ஒரே டேக்கில் ஓகே.

"அடுத்தது ஏமாற்றம் சார். கைய கட்டாதீங்க, சாமி கும்பிடுற மாதிரி இருக்குது," என்றார் கேபிள்காரர். அப்பா கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

மாமா சும்மா இருந்தால்தானே. "இத பாருங்க மாப்ள, நாளைக்கு டிவில எது வருதோ அதான் முடிவு. ஏமாற்றம்னு வந்துச்சு, கையெழுத்து போட்டுடணும். சரியா?" என்றார். அப்பா தலையாட்டினார்.

அந்த இரண்டாவது பேச்சு இல்லாவிட்டால் அப்பா எங்கேயும் போக மாட்டார் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. பெட்டிச் சுவருக்குப் பின்னால் போய் நின்றேன். அந்தப் பக்கம் அப்பா, "இந்த பட்ஜெட் எங்களை..." என்று ஆரம்பித்தார். இரண்டு கையாலும் தள்ளினேன். சுவர் ஆடியது, விழவில்லை. மறுபடி தள்ளினேன். நடுவிலிருந்து மளமளவென்று சரிந்து எல்லாம் அப்பாவின் தலைமேல் கொட்டியது. காலிப் பெட்டிதான், அடி ஒன்றும் படவில்லை. ஆனால் அப்பாவையே காணோம், இரண்டு செருப்புகள் மட்டும் தெரிந்தன.

"ஐயோ சார்! இன்னொரு தடவ எடுத்துக்கலாமா?" என்று பதறினார் கேபிள்காரர்.

பெட்டிகளுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது. "போதும்பா. ஒண்ணு நல்லா வந்திருக்குல்ல, அதையே வச்சுக்கோ."

அப்பா என்னைத் திட்டவே இல்லை. நான் தள்ளியதை அவர் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பட்ஜெட்டில் அட்டைப்பெட்டிக்கு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. மந்திரிக்கு எங்கள் நினைப்பே வரவில்லை போலிருக்கிறது. மாலைச் செய்தியில் ஓட்டல் முதலாளி ஏமாற்றம் என்றார். துணிக்கடைக்காரர் ஏமாற்றம் என்றார். லாரிக்காரர் பெருத்த ஏமாற்றம் என்றார். கடைசியாக எங்கள் அப்பா வந்து, கைகட்டிக்கொண்டு, மனதார வரவேற்றார்.

மாமா டிவியையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா மாப்ள, ஊரே திட்டுது, நீங்க மட்டும் மால போடுறீங்க?"

"சொன்னது சொன்னதுதான மச்சான்," என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு.

மாமா காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்தார். சங்கத்து ஆட்கள் போன் மேல் போன் போட்டு, "எந்தக் கட்சியில சேந்துட்டீங்க?" என்று கிண்டலடித்தார்கள். அப்பா ஒவ்வொருவரிடமும் சிரித்தார். மாமா காப்பி குடித்து முடிப்பதற்குள் அம்மா அந்தப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. நாள்கணக்கில் சாப்பிடாததற்கும் சேர்த்து ஏழு இட்லி தின்றேன். என் சாமர்த்தியத்தால் அப்பாவைக் காப்பாற்றிவிட்டதாக எனக்கு ஒரே கர்வம்.

அந்தக் கர்வம் ரொம்ப வருஷம் இருந்தது. இப்போது ஷெட்டை நான்தான் நடத்துகிறேன். ஊர்ப்பட்ட சாமான் வீடு தேடி வருகிற காலம், பெட்டிக்குப் பஞ்சமில்லை. போன மாதம் பட்ஜெட்டுக்குக் கருத்துக் கேட்டு எனக்கும் போன் வந்தது. அதைச் சொல்லிச் சிரித்தபடி, அன்றைக்குச் சுவரைத் தள்ளிவிட்ட கதையை முதல் தடவையாகப் பின் அடிக்கிற அக்காவிடம் அவிழ்த்தேன்.

அக்கா வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ தள்ளி அது எங்க விழுந்துது பாப்பா? ஒங்கப்பா கை பின்னாடி இருந்துச்சுல்ல. நடுப்பெட்டிய உருவிட்டாரு. நான் பக்கத்துல நின்னு பாத்துனு இருந்தேனே."

அன்று அந்தப் பெட்டிச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் பயந்துபோய் நின்றது எனக்குத் தெரியும். அந்தப் பக்கமும் ஒருவர் அப்படித்தான் நின்றிருந்தார் என்பது தெரியாது.