விசில் வருது, தறியை நிறுத்துங்க

கல்யாணமாகி நான் ஆரணிக்கு வந்தபோது அண்ணன் சீர்வரிசையில் ஒரு குக்கரும் வைத்திருந்தார். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஊர் போளூரில் அது பெருமையான விஷயம். ஆரணியில், என் மாமியார் வீட்டில், அது பரணுக்குப் போகிற விஷயம். அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்காமல் மேலே ஏற்றிவிட்டார்.

மாமியாருக்கு ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பாத்திரம் உண்டு. தை மாதத்துப் பச்சை மொச்சைக்கு மண்சட்டி. சித்திரையில் மாங்காய் போட்ட பருப்புக்குக் கல்சட்டி. மழைக்காலத்துக் கொள்ளுக்கு வெண்கலப் பானை. எல்லாம் அதது இஷ்டத்துக்கு வேகும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கிளறவும் வேண்டும், நடுநடுவே எழுந்துபோய்க் கூடத்துத் தறிகளுக்குத் தார் சுற்றித் தரவும் வேண்டும். தார் என்பது, தறியில் குறுக்கே பாய்கிற நாடாவுக்குள் வைக்கிற, ஊடைப்பட்டு சுற்றிய சின்னக் குச்சி. ஒரு தறியில் மாமனார், இன்னொன்றில் என் கணவர். அவர்கள் தார் கேட்கிற வேகத்துக்கு எந்த மொச்சையும் வேகாது.

அந்தத் தை மாதம் மாமியார் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து குக்கரை இறக்கினேன். மொச்சையை உரித்துப் போட்டு, மூடியைத் திருகி, காஸ் அடுப்பில் ஏற்றிவிட்டு ஏதோ சாதித்துவிட்ட மாதிரி நின்றேன். கொஞ்ச நேரத்தில் அது ஒரு விசில் அடித்தது பாருங்கள்! எனக்கே தூக்கிவாரிப் போட்டது. கூடத்தில் "ஐயோ" என்று மாமனார் குரல் கேட்டது.

நடந்தது இதுதான். குழித்தறியில் கால் இரண்டும் குழிக்குள் இருக்க, ஒரே தாளத்தில் மிதித்துக்கொண்டிருந்த மனிதர் விசிலுக்குத் துள்ளியதில் மிதி மாறிவிட்டது. நெடுக்கே இழுத்துக் கட்டிய பாவுக்குள் ஓடிக்கொண்டிருந்த நாடா பாதி வழியில் மாட்டி, அரக்கு நிற முகூர்த்தப் புடவையில் ஒரு கொத்து இழையை அறுத்துப் போட்டது. அதைப் பிணைத்து முடிக்க மத்தியானமானது. குங்குமப் பொட்டலத்தோடு உள்ளே வந்த மாமியார் அடுக்களைக்கும் தறிக்குமாக மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாடி இது, ரயில் இன்ஜின கொண்டாந்து உள்ள வெச்சிகினு கீற?"

மொச்சை வெண்ணெயாக வெந்திருந்தது. அதைச் சாப்பிட்டுக்கொண்டே எல்லோரும் அறுந்த இழையைப் பற்றித்தான் பேசினார்கள்.

என் கணவர் அம்மாவிடம் "சரிம்மா" என்பார், என்னிடமும் "சரி" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து வாங்குவது கஷ்டம். அன்று மட்டும் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. விசில் வருவதற்கு முன்னால் நான் குரல் கொடுப்பது, உடனே தறிகளை நிறுத்திக்கொள்வது, விசில் அடித்து ஓய்ந்ததும் மறுபடி ஓட்டுவது. மாமியார் சம்மதித்தார். ஆனால் கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்.

"இன்னொரு வாட்டி ஒரே ஒரு இழை அறுந்தாலும், அது போளூர் பஸ் ஏறிடும். சொல்லிட்டேன்."

சாதாரணமாக இருந்தால் "போகட்டும் போ" என்று விட்டிருப்பேன். ஆனால் அந்த வீட்டில் விளக்கு மாடம் முதல் விளக்குமாறு வரை எல்லாம் அவர் வைத்த இடத்தில்தான் இருக்கும். எனக்கென்று இருந்தது அந்தக் குக்கர் ஒன்றுதான். அதை பஸ் ஏற்றிவிட்டால் அடுத்த பஸ்ஸில் என்னையும் ஏற்றின மாதிரிதான் என்று மனசுக்குள் ஒரு பிடிவாதம். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது அப்போது.

ஆக, சமையல் ஜல்தியாக முடியவேண்டும் என்று வந்த குக்கருக்கு நான் காவல்காரி ஆனேன். கண்ணை எடுக்காமல் வெயிட்டையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அது புஸ்ஸென்று மூச்சுவிட்டு லேசாக ஆடத் தொடங்கியதும் அடுக்களை வாசலுக்கு ஓடிக் கத்துவேன்: "வருது! நிறுத்துங்க!" இரண்டு தறியும் நிற்கும். அடுத்த வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர் என்பதால் அந்த வீட்டுத் தறியும் நிற்கும். விசில் அடங்கியதும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ஆச்சாம்மா?" என்று கேட்பார் அந்த வீட்டுக்காரர். "ஆச்சுண்ணா!" என்பேன். பிறகு எல்லாத் தறியும் ஓடும். ஒருநாள் புடவை பார்க்க வந்த வியாபாரி, நான் கத்தியதும் தறிகள் நின்றதைப் பார்த்து, யாரோ பெரிய ஆபீசர் வருகிறார் என்று வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

சித்திரை மாங்காய்ப் பருப்பு, ஆடி மாதத்துக் கருவாட்டுக் குழம்புக்கு மொச்சைக்கொட்டை எல்லாம் இப்படியே ஒரு இழைகூட அறுபடாமல் கழிந்தன. மாமியார் காத்துக்கொண்டே இருந்தார்.

ஐப்பசி மழையில் அண்ணன் ஒரு மூட்டை மல்லாட்டை கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். நிலத்திலிருந்து அன்று பிடுங்கிய பச்சை வேர்க்கடலை, ஓடெல்லாம் செம்மண். இரண்டு அலசு அலசி, போதும் என்று உப்பைப் போட்டு குக்கரில் ஏற்றினேன். மாமியார் எதிரே உட்கார்ந்து முறத்தில் அரிசி பொறுக்கினார். வெயிட் ஆடியது. "வருது! நிறுத்துங்க!" என்றேன். தறிகள் நின்றன.

விசில் வரவில்லை. ஆட்டமும் நின்றுவிட்டது. "இன்னும் கொஞ்சம் இருங்க" என்று கத்தினேன். எவ்வளவு நேரம்தான் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள்? சுவருக்கு அந்தப் பக்கத் தறி முதலில் ஓடியது, பிறகு கணவருடையது, பிறகு மாமனாருடையது. அந்த நேரம் பார்த்துத்தான் படாரென்று வெடித்தது. செம்மண் போய் விசில் துவாரத்தை அடைத்திருக்கிறது. சேஃப்டி வால்வு பிய்த்துக்கொண்டு போய்விட்டது. மண்தண்ணீர் கூரைவரை பீய்ச்சி அடித்து, அங்கிருந்து சொட்டுச் சொட்டாக மாமியார் தலையில் இறங்கியது.

அவர் தலையைக்கூடத் துடைக்கவில்லை. நேராகக் கூடத்துக்குப் போனார்.

"அறுந்துச்சா?"

கணவர் பாவைத் தடவிப் பார்த்து "இல்லம்மா" என்றார். மாமனார் குனிந்தார். குனிந்தவர் ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"ஒண்ணும் ஆவல," என்றார் கடைசியில்.

மாமியாருக்குச் சப்பென்று போய்விட்டது. ஆனாலும் சொன்ன சொல் மாறாதவர். குக்கரைத் திறந்து ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டு, "அரவேக்காடு" என்று சொல்லிவிட்டு மொத்தத்தையும் வெண்கலப் பானைக்கு மாற்றி விறகடுப்பில் ஏற்றினார்.

கொஞ்சம் பொறுத்து, சுற்றிய தார்களை எடுத்துக்கொண்டு மாமனார் தறிக்குப் போனேன். மருமகளிடம் நேராகப் பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. எது வேண்டுமானாலும் மாமியார் வழியாகத்தான் வரும். விரல் நுனியில் சாம்பலைத் தொட்டு எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். நாலைந்து இழை அறுந்து கிடந்தது; அதைத்தான் பிணைத்துக்கொண்டிருந்தார்.

நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"காலைல குந்தினா சாயங்காலம் வரைக்கும் குனிஞ்சிகினே கீறேன். நீ 'வருது'ன்னு கொரல் குடுத்தாதாம்மா முதுக நிமுத்தறேன். அந்த வால்வ ஜல்தியா வாங்கி மாட்டச் சொல்லு அவன."