கிழித்தால் சம்மதம்

நாத்தனார் அண்ணியைப் புகழ்ந்தால் யாரும் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். என் அண்ணிக்கு நான் வைத்த பட்டப்பெயர் 'பொடி எழுத்து'. இருமல் மருந்து வாங்கினால்கூட டப்பாவுக்குள் மடித்து வைத்த தாளை முழுக்கப் படித்த பிறகுதான் மூடியைத் திறப்பார். அதற்குள் எனக்கு இருமலே நின்றுவிடும்.

முன்னறையில் அண்ணி எம்ப்ராய்டரி மெஷின் போட்டிருந்தார். பள்ளிச் சட்டைகளிலும் மருத்துவமனைக் கோட்டுகளிலும் பெயர் தைக்கும் வேலை. அதை நம்பி நான்கு பெண்கள். மெஷினை ஓட்டும் சாஃப்ட்வேர் ஒரு சிடியில், ஒட்டிய உறைக்குள் வந்திருந்தது. இரண்டாம் வருடம் ஒருநாள் திரையில் பூட்டுப் படம் வந்தது, மெஷின் நின்றது. புதுப் பதிப்பு வாங்குங்கள் என்றது கம்பெனி. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், யாரும் கேட்க முடியாது என்று லைசென்ஸின் பதினான்காம் விதி சொல்கிறதாம். உறையைக் கிழித்தபோதே நீங்கள் சம்மதித்தாயிற்று என்றார்கள்.

யானையோடு மோத முடியுமா, வாங்கித் தொலை என்றான் அண்ணன். நானும் தலையாட்டினேன், வெட்கக்கேடு. கம்பெனி கொடாக்கண்டன் என்றால் அண்ணி விடாக்கண்டன். வக்கீல்கூட வைக்காமல் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனார். விசாரணைக்கு முந்தின வாரம் கம்பெனியிலிருந்து போன் வந்தது: வழக்கை வாபஸ் வாங்கினால் உங்கள் மெஷினை மட்டும் திறந்துவிடுகிறோம். நான்கு பெண்களும் வேலையில்லாமல் இரண்டு மாதமாகியிருந்தது. அண்ணி அவர்களையே கூப்பிட்டுக் கேட்டார்.

"இப்ப விட்டுட்டா அடுத்த வருஷமும் பூட்டுவாங்க அக்கா" என்றாள் நூல் கோக்கும் பெண்.

நீதிமன்றத்தில் கம்பெனி வக்கீல் சம்மதத்தைப் பற்றி அரை மணி நேரம் முழங்கினார். கடையில் இரவல் வாங்கி வந்த, பிரிக்காத உறை ஒன்றை அண்ணி அவரிடம் நீட்டினார்.

"இதைக் கிழிக்காம அந்தப் பதினாலாவது விதியை மட்டும் படிச்சுக் காட்டுங்க சார்."

வக்கீல் முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார். விதிகள் அச்சிட்ட தாள் உள்ளே இருந்தது.

"நான் கிழிச்சதே அதைப் படிக்கத்தான் ஐயா" என்றார் அண்ணி, நீதிபதியைப் பார்த்து.

வாங்கும் முன் படிக்கத் தராத விதி வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது, விற்ற பொருளை நினைத்தபோது பூட்டவும் கூடாது என்று தீர்ப்பு வந்தது. அந்த விதியை இனி யாருக்கு விற்கும் உறையிலும் வைக்கக் கூடாது என்றும் இருந்தது.

மறுநாள் காலை பூட்டு விலகியது. நூல் கோக்கும் பெண் பொத்தானை அழுத்த, ஊசி துணியில் இறங்கி ஓடத் தொடங்கியது. நீதிமன்றத்தில் குரல்கூட நடுங்காத அண்ணி, அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என் தோளில் சாய்ந்து அழுதார்.